வேண்டாததை நீக்குவதும் பராமரிப்பே

கட்டற்ற கணிமை – 14

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்தது. பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பாதுகாப்புக்காகப் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் அந்த வாரம் எல்லோருக்கும் கவலை ஒன்றுதான்: கரன்ட் எப்போது வரும்?

வந்த பிறகு இன்னொரு கவலை தொடங்கியிருக்கும். மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய ஒரு சர்வர், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து நின்றுபோனால், அதை மறுபடி ஏற்ற வேண்டும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நடந்து பாருங்கள். ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், லாரி புக்கிங் ஆபீஸ், சற்றுத் தள்ளி நசரத்பேட்டைப் பக்கம் பொறியியல் கல்லூரி. இப்படிப்பட்ட இடங்களில் மேசைக்கடியில் ஒரு லினக்ஸ் சர்வர் இருப்பது இன்று சாதாரணம். கணக்குகளும் படங்களும் மதிப்பெண்களும் அதன் ஹார்ட் டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன.

சென்ற வாரம் சுவிட்சைத் தட்டியது முதல் லினக்ஸின் மையமான கெர்னல் நினைவகத்தில் ஏறுவது வரை பார்த்தோம். இந்த வாரம் அதற்கடுத்த சில நொடிகள். கெர்னல் ஏறியபின் டிஸ்க்குகளைத் தேடி, ஒன்றுசேர்த்து, கோப்புகளைத் திறந்துவைக்கும் வேலையைச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகள் செய்துவந்தன. அவற்றில் பலவற்றுக்கு இப்போது வேலை இல்லை. ஆனாலும் கருவிகளின் மூல நிரலிலும், நம் சர்வர்களுக்குள்ளும் அவை தங்கியிருக்கின்றன. அவற்றை நீக்குவது ஏன் அவசியம், எப்படி நீக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. எந்த மென்பொருளிலும், வருடத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும், அதுவும் பெரும்பாலும் மோசமான ஒரு நாளில் ஓடுகிற பகுதிதான் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிசை எண் போட்ட காலம்

எல்விஎம் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். பல டிஸ்க்குகளை ஒரே குழுவாகச் சேர்த்து, அந்த மொத்த இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்ள உதவுவது இது. இடம் போதவில்லை என்றால் புதிய டிஸ்க்கைச் சேர்த்துப் பகுதியைப் பெரிதாக்கலாம். உள்ளே இருக்கும் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையில்லை. லினக்ஸுக்காக இதை முதலில் எழுதியவர் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன், ஆண்டு 1998. பிறகு சிஸ்டினா என்ற நிறுவனத்தில் இரண்டாம் தலைமுறை எல்விஎம் உருவானது. 2003 டிசம்பரில் சிஸ்டினாவை ரெட் ஹாட் வாங்கியது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸை நிறுவும்போது நாமாக மாற்றாவிட்டால் இன்றும் அது எல்விஎம் மேல்தான் அமரும். அதனால் தெரிந்தோ தெரியாமலோ இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம்.

அந்தக் காலத்து லினக்ஸ் ஏறும் முறை யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் பதிப்பிலிருந்து வந்தது. ஒரு கோப்புறையில் ஸ்கிரிப்ட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. எல்விஎம்முக்கான ஸ்கிரிப்ட் தன் முறை வந்ததும் மூன்று காரியம் செய்யும்: இணைந்திருக்கும் டிஸ்க்குகளை எல்லாம் அலசும், எந்த டிஸ்க் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும், குழுக்களை இயக்கிவிடும். அதன்பின் அடுத்த ஸ்கிரிப்ட் வந்து கோப்பு முறைமையைச் சோதிக்கும். அதற்கடுத்தது அதைத் திறந்துவைக்கும்.

இரண்டே டிஸ்க் உள்ள பெட்டிக்கு இது போதுமானதாக இருந்தது. பிறகு யுஎஸ்பி டிஸ்க்குகள் வந்தன. நெட்வொர்க் வழியாக இணையும் டிஸ்க்குகள் வந்தன. கெர்னலும் சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடாமல் ஒரே நேரத்தில் தேட ஆரம்பித்தது. எந்த டிஸ்க் எப்போது தயாராகும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. ஸ்கிரிப்ட்டோ ஒரே ஒரு தடவைதான் அலசும். அது அலசி முடித்த மறுநொடி ஒரு டிஸ்க் தயாரானால் அதைக் கவனிக்க ஆளில்லை. குழு முழுமையாகாது, சர்வர் பாதியில் நின்றுவிடும்.

இதற்குத் தற்காலிக மருந்துகள் பல வந்தன. ஐந்து நொடி காத்திரு, பத்து நொடி காத்திரு என்று ஸ்கிரிப்ட்டிலேயே எழுதினார்கள். டிஸ்க் தேடல் முடியும்வரை காத்திருப்பதற்கென்றே கெர்னலில் ஒரு சிறு பகுதியைச் சேர்த்தார்கள். சரியான வழி பிறந்த பிறகு, 2012-ல் கெர்னல்காரர்கள் அந்தப் பகுதியை எடுத்தே விட்டார்கள். நல்ல பராமரிப்புக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மாறிய முறை, மாறாத ஸ்கிரிப்ட்

2010-ல் லென்னார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்டி என்ற புதிய முறையைத் தொடங்கினார்கள். வரிசை எண்ணுக்குப் பதிலாக, எந்தச் சேவை எதை நம்பியிருக்கிறது என்று எழுதிவைப்பது இதன் அடிப்படை. லினக்ஸ் வெளியீடுகளில் ஃபெடோரா 2011-லும், ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 2014-லும் இதற்கு மாறின. டெபியன் என்ற வெளியீட்டில் கடும் வாதம் நடந்தது. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகி, தலைவரின் வாக்கே முடிவு சொன்னது. 2015 ஏப்ரலில் வந்த டெபியன் 8 சிஸ்டம்டியோடு வெளியானது.

எல்விஎம்மும் வழி மாறியது. இப்போது ஒரு டிஸ்க் தயாரானதும் கெர்னல் செய்தி அனுப்புகிறது. எல்விஎம் அந்த டிஸ்க்கைப் பார்த்து, குழுவின் மற்ற உறுப்பினர்கள் வந்துவிட்டார்களா என்று கணக்கெடுக்கிறது. கடைசி டிஸ்க் வந்த நொடியில் குழு இயங்கத் தொடங்குகிறது. தாமதமாக வந்தாலும் கவலை இல்லை. நொடி எண்ணிக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

எல்விஎம்மை உருவாக்குகிறவர்கள் தங்கள் சொந்தப் படைப்பையும் இப்படி நீக்கியிருக்கிறார்கள். டிஸ்க் விவரங்களை நினைவில் வைத்திருக்க எல்விஎம்மெட்டாடி என்ற பின்னணிச் சேவையை ஒரு காலத்தில் கொண்டுவந்தார்கள். அனுபவத்தில் அது சிக்கலை அதிகமாக்கியது. 2018-ல் வந்த 2.03 பதிப்பில் அதை நீக்கினார்கள். பல சர்வர்கள் பகிரும் டிஸ்க்குகளுக்கான சிஎல்விஎம்டி சேவையும் அதே பதிப்பில் போனது.

கருவி இப்படி மாறியபின்னும் பழைய பூட் ஸ்கிரிப்ட்டுகள் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன. "யாராவது பயன்படுத்தக்கூடும்" என்பதுதான் காரணம். ஆனால் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். ஒரே பெயரில் சிஸ்டம்டி சேவையும் பழைய ஸ்கிரிப்ட்டும் இருந்தால் சிஸ்டம்டி ஸ்கிரிப்ட்டைப் பார்ப்பதே இல்லை. அதனால் அது ஓடுவதில்லை. ஓடாததை யாரும் சோதிப்பதில்லை. கருவியின் கட்டளைகள் மாறும்போது யாரும் திருத்துவதுமில்லை. பெயர் மட்டும் வேறாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: பழைய ஸ்கிரிப்ட்டும் ஓடும், புதிய சேவையும் ஓடும், ஒரே டிஸ்க் குழுவை இரண்டும் கையாளப் பார்க்கும்.

வீட்டுக்குப் புது வயரிங் போட்ட எலக்ட்ரீஷியன் பழைய வயர்களையும் சுவிட்ச் பாக்ஸுக்குள் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? அடுத்து வருகிறவர் எதில் கரன்ட் ஓடுகிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்வரிலும் அதுதான் நடக்கிறது. நள்ளிரவில் ஏற மறுக்கும் சர்வர் முன் உட்கார்ந்திருக்கும் நிர்வாகி, பழைய ஸ்கிரிப்ட்டைத் திறந்து, அதில் மாற்றம் செய்து, மறுபடி மறுபடி ஏற்றிப் பார்ப்பார். எதுவும் மாறாது. அந்தக் கோப்பை யாரும் படிப்பதே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? செத்த நிரலின் முழு விலையையும் கடைசியில் அவர்தான் கொடுக்கிறார்.

நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு

நீக்க வேண்டும் என்பதற்காக வெட்டி எறிந்துவிடக் கூடாது. பழைய முறையைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிஸ்டம்டியை ஏற்காதவர்கள் டெபியனிலிருந்து பிரிந்து தேவுவான் என்ற தனி வெளியீட்டை நடத்துகிறார்கள். அவர்களுக்கு இந்த ஸ்கிரிப்ட்டுகள் உயிருள்ளவை.

இந்த விஷயத்தில் டெபியன் நடந்துகொண்ட விதம் மதிக்கத்தக்கது. 2019-ல் உறுப்பினர்களிடையே பொது வாக்கெடுப்பு நடத்தியது. சிஸ்டம்டியே முதன்மை, மாற்று வழிகளைத் தேடுகிறவர்களுக்கும் ஆதரவு உண்டு என்பது முடிவு. அதன்பின் மென்பொருள் பொதிகளிலிருந்து நீக்கப்பட்ட பழைய ஸ்கிரிப்ட்டுகளைச் சேர்த்துவைக்க ஒரு தனிப் பொதியே உருவானது. வேண்டியவர்கள் அதை நிறுவிக்கொள்ளலாம். வேண்டாதவர்களின் சர்வரில் அந்தச் சுமை ஏறாது. சிஸ்டம்டி திட்டமும் 2023 ஜூலையில் வந்த 254-ஆம் பதிப்பில், பழைய ஸ்கிரிப்ட்டுகளுக்கான ஆதரவு விலக்கப்படப் போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தது.

முன்னறிவிப்பு முதல் படி. இரண்டாவது, மூல நிரலிலிருந்து ஸ்கிரிப்ட்டை எடுக்கும்போது அதை நிறுவும் கட்டளைகளையும், அதைப் பற்றிப் பேசும் கையேட்டுப் பக்கங்களையும் சேர்த்தே எடுப்பது. கையேட்டில் ஒரு வரி மிச்சமிருந்தாலும் யாரோ ஒருவர் அதை நம்பி அரை நாள் வீணாக்குவார்.

மூன்றாவது படியில்தான் பலர் தவறுகிறார்கள். டெபியனில் இந்த ஸ்கிரிப்ட்டுகள் அமைப்புக் கோப்புகளாகக் கருதப்படுகின்றன. நிர்வாகி தன் கையால் திருத்தியிருக்கலாம் என்பதால், புதிய பதிப்பில் அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் பழையது தானாக அழியாது. பொதியைப் பராமரிப்பவர் அதற்கென்று தனியாகக் குறிப்பு எழுத வேண்டும். எழுதினால், யாரும் தொடாத கோப்பு நீங்கிவிடும். நிர்வாகி திருத்திய கோப்பு வேறு பெயரில் பத்திரமாக ஒதுக்கிவைக்கப்படும். யாருடைய உழைப்பும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகாது.

நான்காவது, பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பு முறைமைத் தொகுப்பைப் புதிதாக உருவாக்குவது. எல்விஎம் அமைப்புக் கோப்பின் ஒரு நகல் அதற்குள்ளும் இருக்கிறது. வெளியே மாற்றிவிட்டு இதை மறந்தால் சர்வர் பழைய அமைப்போடுதான் ஏறும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

இதெல்லாம் எங்கோ நடக்கும் விவாதம் என்று நினைக்க வேண்டாம். பாஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். அதன் அடிப்படை டெபியன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றபோது, தன் துறைகளில் பாஸைப் பயன்படுத்தும்படி தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. டெபியன் ஒரு ஸ்கிரிப்ட்டை நீக்கினால் அதன் விளைவு நம் அரசு அலுவலகக் கணினி வரை வந்து சேரும். பயன்படுத்தும் நாம் பராமரிப்பிலும் கை கொடுக்க வேண்டும்.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கிவருகிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் இவற்றை எழுதிவருகிறது. டெபியனின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் பக்கத்து மாநிலமான கேரளத்தின் கொச்சியில் நடந்தது. வாசல் திறந்துதான் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: கட்டற்ற மென்பொருளுக்கு முதல் பங்களிப்பு என்றால் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு பழைய ஸ்கிரிப்ட் யாருக்கும் பயன்படவில்லை என்று ஆதாரத்தோடு நிறுவி, முறைப்படி நீக்கிக் காட்டுங்கள். அதைச் செய்து முடிப்பதற்குள் ஒரு சர்வர் எப்படி உயிர்பெறுகிறது என்பது முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அலுவலகத்தில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பு நகல் எடுத்துச் சரிபார்த்துவிட்டு, உங்கள் சர்வரை நீங்களாகவே அணைத்து ஏற்றிப் பாருங்கள். எங்கே தாமதிக்கிறது, எந்தச் சேவை பிழை காட்டுகிறது, எந்தப் பழைய ஸ்கிரிப்ட் மிச்சமிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து, உங்களுக்குப் பராமரிப்புச் செய்பவரிடம் கொடுங்கள். அடுத்த புயலுக்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

(தொடரும்)