திரை தெரிகிறது, மவுஸ் அசையவில்லையா?

கணினித் திரையில் எல்லாம் தெரிகிறது. ஆனால் மவுஸை அசைத்தால் அசையவில்லை, கீபோர்டைத் தட்டினால் எழுத்து விழவில்லை. அம்புக்குறி மட்டும் தானாக நகர்ந்து உங்கள் வங்கிப் பக்கத்தில் நிற்கிறது. 'ஹேங் ஆகிவிட்டது' என்று காத்திருக்காதீர்கள்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளில், தொலைவிலிருந்து இயக்குபவர் நம் கீபோர்டையும் மவுஸையும் முடக்கிவைக்க வழி உண்டு. பழுதுபார்க்கும்போது யாரும் குறுக்கே கைவைக்கக் கூடாது என்பதற்காக வைத்த வசதி. அதில் தப்பில்லை. வங்கி அதிகாரி என்று போனில் பேசி, 'கே.ஒய்.சி. காலாவதியாகிறது' என்று பயமுறுத்தி, செயலியை இறக்கவைத்து, அதில் வரும் எண்ணை வாங்கிக்கொள்பவன் கையில் அதே வசதி கிடைத்தால்தான் வினை. பணம் போவதை நாமே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்! எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

முதல் வேலை, இணையத்தைத் துண்டிப்பது. வைஃபை பெட்டியின் சுவிட்சை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். மடிக்கணினி என்றால் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் கட்டுப்பாடு திரும்பிவிடும். சாதாரண செயலிகளால் அந்த விசைச் சேர்க்கையை மறிக்க முடியாது. வராவிட்டால் அதிலேயே நேரத்தைக் கழிக்க வேண்டாம். கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அடுத்து வங்கிக்கும், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் போன். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பணத்தைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதியைத் தெரிந்துவைத்திருங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் போன பணம் என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் புகார் தந்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு: புகார் கொடுக்கும்வரை போனது உங்கள் தலையில், கொடுத்த பிறகு போவது வங்கியின் தலையில். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. கிளையில் 'நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்' என்று வாயடைத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.