புறாமலை: தீவு மட்டுமல்ல, கடலும் பூங்காதான்

நிலாவெளிக் கரையில் நின்றால் புறாமலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர். பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். ஆனால் புறாத்தீவு தேசியப் பூங்காவின் பரப்பு 471.43 ஹெக்டெயர். அதாவது, நாலரைச் சதுர கிலோமீற்றருக்கும் மேல். பெரிய தீவு, சின்னத் தீவு இரண்டையும் சேர்த்தாலும் அந்தப் பரப்பின் ஒரு மூலைக்குக் காணாது. மிச்சம் முழுவதும் கடல்.

இந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளாததால்தான் சிக்கல் வருகிறது. "தீவில் கால்கூட வைக்கவில்லை, வெளியில்தான் வலை போட்டேன்" என்று ஒரு கடற்றொழிலாளி சொல்வது அவரளவில் உண்மையாக இருக்கலாம். சட்டத்தின் முன் அது எடுபடாது. எல்லைக்குள் இருக்கும் தண்ணீரும் முருகைக்கல்லும் மீனும் பூங்காவின் பகுதிதான்.

1963இல் இந்த இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2003இல் தேசியப் பூங்காவாக மாற்றப்பட்டது. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், சனம் குடியிருந்து தொழிலும் செய்யலாம், விலங்குகளுக்குத்தான் பாதுகாப்பு. தேசியப் பூங்கா அப்படியல்ல. அது அரச நிலமும் அரச கடலும். அனுமதிச்சீட்டு எடுத்து, பார்ப்பதற்காக மட்டுமே உள்ளே போகலாம்.

இந்த மாற்றம் நடந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானதற்கு அடுத்த ஆண்டு அது. பாஸ் எடுத்து, நேரக்கட்டுப்பாட்டுடன் கடலுக்குப் போய்ப் பழகிய சனத்துக்குத் தடை என்றாலே கடற்படைதான் நினைவுக்கு வரும். அந்தத் தடைகள் பாதுகாப்பு நிலைமையோடு வந்தவை, நிலைமை மாறத் தளர்ந்தவை. பூங்கா எல்லை அப்படித் தளராது. அதைக் காப்பது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அதன் கையில் இருப்பது 1937ஆம் ஆண்டிலிருந்து திருத்தப்பட்டு வரும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்.

அந்தச் சட்டத்தின்படி பூங்காவுக்குள் எந்த உயிரினத்தையும் பிடிக்கவோ கொல்லவோ துன்புறுத்தவோ முடியாது. மீன், கடலட்டை, சங்கு எதுவானாலும் அப்படித்தான். முட்டையையோ கூட்டையோ குலைக்கக் கூடாது. விலங்குகளுக்குத் தீங்கு செய்யக்கூடிய பொறி, வெடிபொருள், நஞ்சு ஆகியவற்றை உள்ளே வைத்திருப்பதே குற்றம். "இன்னும் ஒன்றும் பிடிக்கவில்லை" என்பது தப்பும் வழியல்ல. ஆளைக் கைது செய்யலாம், படகையும் தொழில் சாமான்களையும் கைப்பற்றலாம். தண்டப்பணத்தைவிட, வழக்கு முடியும்வரை படகு முடங்குவதுதான் ஒரு குடும்பத்தை விழுத்தும்.

சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கும் விதிகள் உண்டு. நிலாவெளிக் கரையில் திணைக்களத்திடம் சீட்டு எடுக்க வேண்டும். படகுக்கூலி அதில் சேராது. முருகைக்கல்லில் கால் வைக்கக் கூடாது. அது கல் அல்ல, உயிருள்ள பிராணிகளின் கூட்டம். தீவின் கரையில் குவிந்து கிடக்கும் செத்த முருகைத் துண்டுகளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆழம் குறைந்த இடத்தில் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் சுற்றித் திரியும். அவை ஆட்களோடு சண்டைக்கு வருவதில்லை. துரத்தாமல் விட்டால் போதும்.

எழுத்தில் எல்லோருக்கும் ஒரே விதிதான். ஆனால் சுமை ஒரேயளவு அல்ல. பார்க்க வருபவர் முருகையை மிதித்து உடைத்தால் பெரும்பாலும் அது யார் கண்ணிலும் படாது. வலையோடு வந்த படகு தூரத்திலேயே தெரியும். கடலைக் காப்பாற்றுவது என்றால், ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தண்ணீரில் இறக்கலாம் என்ற கேள்வியையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இது நிலாவெளிக்கு மட்டுமான கதையுமல்ல. சுண்டிக்குளம், நெடுந்தீவு, மன்னாரின் இராமர் அணைத் திட்டுகள் ஆகியவை 2015இல் தேசியப் பூங்காக்களாயின. விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. இயற்கை ஒதுக்கம் இன்னொரு வகை: அறிவிப்புக்கு முன்பிருந்த பாரம்பரியத் தொழிலைத் தொடர விடுவதற்கு அங்கே இடமுண்டு. ஆகவே "பாதுகாக்கப்பட்ட பிரதேசம்" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வகை என்பதைத்தான். தேசிய ஒதுக்கங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் ஹோட்டல் போன்ற அபிவிருத்தி வேலை செய்வதற்கும் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். இது கரையில் காணி வைத்திருப்பவர்களுக்கு.

பூங்காவுக்கு வெளியே வந்துவிட்டால் விதியே இல்லை என்றும் அர்த்தமில்லை. அங்கே 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் வரும். டைனமைட்டும் நஞ்சும் எங்கும் தடை. இழுவைமடி 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தடை செய்யப்பட்டது. கடலாமையும் கடற்பசுவும் எந்தக் கடலிலும் பாதுகாக்கப்பட்டவை; வலையில் தானாகச் சிக்கினாலும் விட்டுவிட வேண்டும். அதே சட்டத்தில் கடற்றொழில் முகாமைத்துவப் பிரதேசம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் தொழிலாளர்களே குழு அமைத்து விதிகள் பற்றிப் பேசலாம். தேசியப் பூங்காவில் தொழிலாளிக்கு அப்படி ஒரு கதிரை இல்லை.

எல்லை எங்கே ஓடுகிறது என்பதை வர்த்தமானியில் பார்க்கலாம். கடலில் நின்று வர்த்தமானி படிக்க முடியாது என்பதும் உண்மை. சங்கமாகச் சேர்ந்து, எல்லைப் புள்ளிகளையும் வரைபடத்தையும் தரும்படி 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். புள்ளிகள் கிடைத்தால் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். கடிதம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்க மறக்க வேண்டாம்.