பாட்டி ஏன் தடுக்கி விழுகிறார்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? கோமுகி அணையைக் கடந்ததும் சாலை ஏறத் தொடங்கிவிடும். வெள்ளிமலைப் பக்கம் தலையில் விறகுக் கட்டோடு சரிவில் இறங்கி வரும் மூதாட்டிகளைப் பார்க்கலாம். கட்டு அசையாது, கால் பிசகாது. இப்படி அறுபது வருடம் மலையில் நடந்த ஒருவர் ஒரு நாள் சொந்த வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுகிறார். "வயசாயிடுச்சு" என்கிறார்கள் வீட்டார். வயது என்பது காரணமாகுமா? உடலில் எது மாறியது என்றல்லவா கேட்க வேண்டும்!

முதலில் பௌதிகம். நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குக் கீழ், உயரத்தில் நூற்றுக்கு 55 பங்கு அளவில் இருக்கிறது. அதிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு பாதங்கள் அடைக்கும் இடத்துக்குள் விழும்வரை ஆள் விழமாட்டார். 150 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் உள்ள ஒரு பாட்டிக்கு அந்த மையம் சுமார் 82 செ.மீ. உயரத்தில் இருக்கும். தலையில் 15 கிலோ விறகை ஏற்றி, கட்டின் மையம் தரையிலிருந்து 165 செ.மீ. என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்த மையம் 103 செ.மீ.க்கு உயர்ந்துவிடுகிறது. (நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.) பாதத்தின் விளிம்பு 12 செ.மீ. தள்ளி இருந்தால், சுமையில்லாமல் 8 டிகிரிக்குச் சற்று மேல் சாயலாம். சுமையோடு ஆறரை டிகிரிதான்.

அந்த எல்லைக்குள் உடலை நிறுத்திவைக்க மூன்று காவலர்கள் உண்டு: கண், உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள், பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். சுவரருகே ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். கணுக்கால் படபடவென்று ஆடும். ஒரு காவலரை அனுப்பிவிட்டதற்கே இந்தப் பாடு! முதுமையில் மூவருமே தளர்கிறார்கள். கண்ணில் புரை விழுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் பாதமும் மரத்துப்போகிறது.

செய்தி வந்தாலும் வேலை செய்ய வேண்டியது தசை. நடக்கும்போது வீசும் காலின் நுனி தரைக்கு மேல் ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில்தான் செல்கிறது. கால் சற்றுத் தளர்ந்தால் போதும், ஒரு சரளைக்கல்லே இடறிவிடும். இடறியபின் விழாமலிருக்க மறு காலைச் சட்டென்று முன்னே வைக்க வேண்டும். 82 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு கல் தரையைத் தொட ஆகும் நேரம் 0.4 விநாடி. சாயும் உடல் அதைவிட மெதுவாகவே தொடங்கும் என்றாலும் அவகாசம் மிகக் குறைவு. விரைந்து சுருங்கும் தசை நார்களைத்தான் முதுமை முதலில் மெலியவைக்கிறது என்பது வேதனை. மலையில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்தானதற்கும் தசையே காரணம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலுக்குப் பிரேக் போட வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. ஆகவே அதே விழுதல் பேரனுக்குச் சிராய்ப்பு. பாட்டிக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிவு. மலைக் குடியிருப்பிலிருந்து அவரைக் கீழே கொண்டுவருவதே ஒரு பெரும்பாடு. பிழைத்தாலும் பலர் முன்போல் நடப்பதில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முடங்குகிறார்கள். முடங்கினால் தசை இன்னும் மெலிகிறது.

இது தலைவிதியல்ல. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 23,000க்கு மேற்பட்ட முதியோரிடம் நடந்த 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழுதல்களை நூற்றுக்கு 23 பங்கு குறைத்தது என்று கண்டது. சமநிலைக்கும் காலுக்குமான பயிற்சிகள்தாம் அதில் முக்கியம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார், கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் உங்கள் பாட்டியிடம் ஒரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். கடிகாரம் உங்கள் தம்பியிடம் இருக்கட்டும். நீங்கள் பாட்டிக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் கூடவே நடங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செருப்பின் அடி தேய்ந்திருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.