சொந்த மண் சரி... எந்தத் தீவு?

ரிடையர் ஆன பிறகு சொந்த ஊரில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதவர்கள் யார்? வேப்ப மர நிழல், கயிற்றுக் கட்டில், வாசலுக்கே வரும் மீன்... நினைக்கும்போதே பாதி நோய் பறந்துவிடுகிறது! ஆனால் அந்தச் சொந்த ஊர் ஒரு தீவாக இருந்தால்? அதுவும் கணவருக்கு ஒரு தீவு, மனைவிக்கு வேறு தீவு என்று இருந்தால்?

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவகத்துக்காரர்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. 1980, 90களில் போருக்குத் தப்பி கனடாவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். 'கடைசிக் காலத்தை அங்கேயே கழித்தால் என்ன?' என்ற பேச்சு பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி வீட்டில் அது பேச்சாக இல்லை, சண்டையாகவே ஆகிவிட்டது! அவருக்குப் புங்குடுதீவு. வயது 68. இதய ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட். அந்த அம்மாவுக்கு நெடுந்தீவு. வயது 63. பத்து வருடமாகச் சர்க்கரை, இப்போது இன்சுலின்.

"இஞ்சரும், நெடுந்தீவில போய் என்ன செய்யிறது? ஒரு அந்தரம் அவசரமெண்டால் கடல் கடக்க வேணும்" என்கிறார் அவர்.

"உங்கட ஊரில மட்டும் என்ன இருக்கு? பூட்டின வீடும் பத்தையும்தானே! எங்கட ஊரில கதைக்கச் சனமாவது இருக்கு" என்கிறார் அந்த அம்மா.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

கடிகாரம் என்ன சொல்கிறது?

முதலில் வழியைப் பார்த்துவிடுவோம். புங்குடுதீவு பேருக்குத்தான் தீவு. யாழ்ப்பாணம் டவுனிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, அங்கிருந்து கடலுக்கு நடுவே போட்ட இன்னொரு பாலச் சாலையில் புங்குடுதீவு. பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். அந்தத் தீவின் ஓரத்தில்தான் குறிகட்டுவான் படகுத்துறை இருக்கிறது. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்கே படகு ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும்.

கவனித்தீர்களா? நெடுந்தீவு நோயாளி யாழ்ப்பாணம் போவதென்றால், முதலில் புங்குடுதீவுக்கே வந்து சேர வேண்டும். பிறகும் அதே சாலைதான். ஆக, நெடுந்தீவு என்பது புங்குடுதீவு, கூட ஒரு மணி நேரக் கடல்! படகுக்குக் காத்திருக்கும் நேரம் தனி.

இரண்டு தீவிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. காய்ச்சல், காயம், பி.பி. மாத்திரைக்கெல்லாம் கவலையில்லை. மாரடைப்பு, பக்கவாதம் என்று வந்தால்தான் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை தேவைப்படுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்தால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகிறது. பட்டப்பகலில், அமைதியான கடலில் நெடுந்தீவிலிருந்து சமாளித்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, வாடைக்காற்று வீசும் கார்த்திகை மாதத்தில்? நெடுந்தீவு நோயாளிகளைக் கடற்படைப் படகிலும், சில சமயம் ஹெலிகாப்டரிலும் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்படி உதவி கிடைத்தாலும், அதை நம்பி வீடு கட்ட முடியுமா, சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். 1990 என்ற எண்ணைச் சுழற்றினால் இலவசமாக வரும் 'சுவசெரிய' ஆம்புலன்ஸ், இந்திய உதவியோடு 2016இல் இலங்கையில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. சாலை இருக்கிற ஊருக்கு அது வரப்பிரசாதம்.

கிணற்றுக்குள் ஒரு கடல்

இந்தத் தம்பதி சண்டையில் பேசாமலே விட்ட விஷயம் தண்ணீர். எனக்கென்னவோ, ஆஸ்பத்திரிக்குச் சமமான விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரி எப்போதோ ஒரு நாள். தண்ணீர் தினம் பத்து டம்ளர்!

இரண்டு தீவும் சுண்ணாம்புக்கல் பூமி. ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு போல மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி ஒரு அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு எத்தனை அடி ஏறி வரும்! வாளியால் இறைத்த காலத்தில் இனித்த கிணறு, மோட்டார் வைத்ததும் கரிக்கிற ரகசியம் இதுதான். நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை. ஆனால் உங்கள் வளவுக் கிணறும் அப்படி இருக்கும் என்று யார் சொன்னது? புங்குடுதீவிலும் இதே கதை. குடிக்கிற தண்ணீரை வெளியிலிருந்து வாங்கும் வீடுகள் அங்கே அதிகம்.

உப்புத் தண்ணீர் குடித்தால் பி.பி. ஏறுமா? பங்களாதேஷ் கடலோரக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சிகள், குடிநீரில் உப்பு கூடக் கூட ரத்த அழுத்தமும் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள தண்ணீரை நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால், அதிலேயே ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போய்விடுகிறது. ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீன் குழம்பு, ஊறுகாய், கருவாடு எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை!

'கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே' என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவி போகப் போக உப்பு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி வேண்டும், அல்லது கூரை மழைத் தண்ணீரை மூடிய தொட்டியில் பிடிக்க வேண்டும்.

நிலம் வாங்கும் முன், வீடு கட்டும் முன், கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். அதையும் தை மாதத்தில் செய்யாதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்! புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஏடு மெலிந்திருக்கும்போது எடுங்கள். உப்போடு நைட்ரேட், மலக்கிருமி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் அதிகம், கக்கூஸ் குழித் தண்ணீர் சுலபமாகக் கிணற்றுக்கு வந்துவிடும்.

சனம் வேண்டாமா?

அந்த அம்மாவின் கட்சியையும் தள்ளிவிட முடியாது. போரில் இடம்பெயர்ந்த பிறகு புங்குடுதீவில் பல வீடுகள் திரும்ப ஆளைப் பார்க்கவே இல்லை. கல்வீடு இருக்கும், கூரை இருக்காது. நெடுந்தீவில் மீன்பிடி, ஆடு மாடு, பனை என்று ஊர் தன் பாட்டில் நடக்கிறது. கல் வேலிகளுக்கு நடுவே நடந்து போனால், போர்த்துக்கீசர் காலத்திலிருந்து பெருகிய குதிரைகள் ஒரு பக்கம் மேய, நாலு பேர் நின்று "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். தனிமையால் உலகில் ஆண்டுக்கு எட்டு லட்சத்து 71 ஆயிரம் பேருக்கு மேல் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் கணக்குச் சொன்னது. இதுவும் ஒரு நோய்தான் ஐயா!

என்னைக் கேட்டால், உடம்பில் பெரிய கோளாறு இல்லாத அறுபது வயதுக்காரருக்கு என் ஓட்டு நெடுந்தீவுக்கு. டயாலிசிஸ் செய்பவர், ஸ்டென்ட் வைத்தவர், ஒரு முறை பக்கவாதம் வந்து போனவர் ஆகியோருக்குச் சாலை உள்ள ஊர்தான். ஆகவே இந்தத் தம்பதிக்குப் புங்குடுதீவு. ஆனால் அப்பா விட்டுப்போன ஆளில்லாத வளவுக்குள் வேண்டாம். பஸ் போகும் சாலையோரம், இரண்டு பக்கமும் விளக்கு எரிகிற வீடுகளுக்கு நடுவே. முதலில் வாடகைக்கு ஒரு வருடம் இருந்து, ஒரு மழையையும் ஒரு வெயிலையும் பார்த்த பிறகு கட்டட்டும். கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனியில் அந்த அம்மா தன் ஊரில் போய்ச் சில வாரம் இருந்து வரலாம். இதயத்து டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவரும் கூடப் போகட்டுமே!

எங்கே இருந்தாலும் ஒன்றரை மாத மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். கரண்ட் போனால் இரண்டு மண்பானை போதும். பெரியதற்குள் சிறியதை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, நிழலில் வையுங்கள். மருந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்தால் ஓரளவு சூடு ஏறாமல் இருக்கும். நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பிரின் மெல்லலாமா, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை வாசல் கதவுக்கு உட்புறம் ஒட்டி, கீழே 1990, பக்கத்து வீட்டு போன், ஆட்டோக்காரர் போன் மூன்றையும் எழுதுங்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.