குடலுக்குள் ஒரு தூதன்

செரோடோனின் என்றதும் உங்களுக்கு மூளைதான் நினைவுக்கு வரும். மனநிலையோடு தொடர்புடைய இரசாயனப் பொருள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் நம் உடலிலுள்ள செரோடோனினில் ஏறக்குறைய 100-க்கு 90 பங்கு இருப்பது மூளையில் அல்ல, குடலில்!

இப்பொருள் முதலில் கண்டறியப்பட்டதும் குடலில்தான். 1930-களில் இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமர், குடலின் உட்சுவரிலுள்ள சில செல்களில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளைக் கண்டார். ‘என்டரமின்’ எனப் பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர், இரத்தத்தின் சீரத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதைச் செரோடோனின் என்றனர். இரண்டும் ஒன்றே என்பது 1952-இல் தெளிவாயிற்று.

குடலில் இதற்கு என்ன வேலை? உணவு குடற்சுவரை அழுத்துகிறது. உடனே அங்குள்ள செல்கள் செரோடோனினை வெளிவிடுகின்றன. அது அருகிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. உணவுக்குப் பின்னே உள்ள தசை சுருங்குகிறது. முன்னே உள்ள தசை தளர்கிறது. பற்பசைக் குழாயைப் பின்னாலிருந்து அழுத்தினால் பசை முன்னே நகருகிறதல்லவா? அதுபோல உணவும் நகருகிறது.

மணி அடித்தால் மட்டும் போதுமா? அடித்த மணி ஓயவும் வேண்டும். வேலை முடிந்ததும் செரோடோனினைக் குடற்சுவரின் செல்கள் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதற்கென ஒரு புரதம் இருக்கிறது.

சிலருக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும்; கூடவே வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ இருக்கும். சோதித்துப் பார்த்தால் புண்ணும் இராது, கட்டியும் இராது. இந்நோயை மருத்துவர்கள் ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்பார்கள். “எல்லாம் மனப்பிரமை” என்று இவர்களைக் கேலி செய்வோர் உண்டு. அது நியாயமன்று. இந்நோயாளிகளுள் வயிற்றுப்போக்கு உள்ள சிலருக்கு, உணவு உண்டபின் இரத்தத்தில் செரோடோனின் வழக்கத்தைவிட மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். திரும்ப இழுக்கும் புரதம் குறைந்திருப்பதையும் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் எல்லா நோயாளிகளிடமும் இம்மாறுதல்கள் காணப்படுவதில்லை.

அப்படியானால் தூதனைத் தடுத்துவிட்டால் நோய் தீருமா? அலோசெட்ரான் என்ற மருந்து, நரம்பு முனையில் செரோடோனின் பொருந்தும் ஓர் இடத்தை அடைத்துவிடும். வயிற்றுப்போக்கால் துன்புற்ற பெண்களுக்காக 2000-இல் அமெரிக்காவில் இது அனுமதிக்கப்பட்டது. பலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் சிலருக்குக் கடுமையான மலச்சிக்கலும், குடலுக்கு இரத்த ஓட்டம் குறைவதால் உண்டாகும் அழற்சியும் ஏற்பட்டன. அதே ஆண்டில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. 2002-இல் கடும் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. தூதனின் வாயை அடைப்பது அத்தனை எளிதன்று!

ஒன்று கவனியுங்கள். குடலின் செரோடோனின் இரத்தம் வழியே மூளைக்குள் நுழைவதில்லை. ஆயினும் மூளையும் குடலும் நரம்புகளால் இணைந்துள்ளன. அதனால்தான் கவலை வயிற்றைக் கலக்குகிறது. வயிற்றுவலி மனத்தை வாட்டுகிறது.

ஆகவே, வயிற்றுவலி என்று வகுப்புத் தோழன் சொன்னால் சிரிக்காதீர்கள். வலி தொடர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடல் எடை குறைந்தாலோ மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புண் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது.