தென்னிந்தியத் திருச்சபையின் ஒருமைப்பாடு

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) என்பது வழிபாட்டிலும் ஆட்சிமுறையிலும் வேறுபட்ட சீர்திருத்தச் சபைகள் சில இணைந்து, 1947 செப்டம்பர் 27 அன்று உருவாக்கிய திருச்சபை ஆகும். பேராயர்கள் உள்ள ஆங்கிலிக்கன் சபையும் பேராயர்கள் இல்லாத சபைகளும் ஒரே திருச்சபையானதால், உலகக் கிறித்தவ வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

பிரிவுகள் வந்த விதம்

19-ஆம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் பகுதிகளைப் பிரித்துக்கொண்டு பணி செய்தன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்களும், நாகர்கோவில் பகுதியில் இலண்டன் மிஷனும், மதுரையில் அமெரிக்க மிஷனும், மன்னார்குடியில் மெதடிஸ்ட் மிஷனும் இயங்கின. ஆகவே பெரும்பாலும் ஒருவருடைய சபையை அவர் பிறந்த ஊரே முடிவு செய்தது.

நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்த கிறித்தவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்திலும் அவர் அதே தமிழ் வேதாகமத்தைக் கேட்பார். ஆனால் பேராயரிடம் திடப்படுத்தல் பெறாதவர் என்பதால், சபை விதிப்படி அவருக்குத் திருவிருந்தில் பங்கில்லை. இந்தப் பிரிவினைகளுக்கான காரணங்கள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தோன்றியவை. அவற்றின் சுமையைத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் சுமந்தனர்.

தரங்கம்பாடி அறிக்கை

பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் 1908-இல் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. அடுத்த பெரிய முயற்சியை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் வே. ச. அசரியா. வெள்ளாளன்விளையில் பிறந்த இவர், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகளின் தியாகமும் கொடையும் மட்டும் போதா, அவர்களுடைய நட்பும் இந்தியருக்கு வேண்டும் என்ற பொருளில் இவர் பேசியது பலரைச் சிந்திக்க வைத்தது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியர்களான 33 பேர் கூடி ஒன்றிணைவுக்கான அறிக்கையை வெளியிட்டனர். வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் பதவி ஆகிய நான்கையும் அவர்கள் அடிப்படையாக வைத்தனர்.

28 ஆண்டுகள் ஏன்?

முதல் மூன்றிலும் பெரிய தடை எழவில்லை, நான்காவதே சிக்கலாயிற்று. பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் அளிக்காதவர் திருவிருந்தை நடத்தலாமா என்று ஆங்கிலிக்கன் தரப்பினர் கேட்டனர். பேராயர்கள் வந்தால் சபையாரின் உரிமை பறிபோகுமோ என்று மற்றவர்கள் அஞ்சினர்.

இறுதியில் இரு தரப்பினரும் விட்டுக்கொடுத்தனர். பேராயர் பதவியை அனைவரும் ஏற்றனர். ஆனால் அவருடைய அதிகாரம் திருச்சபைச் சட்டத்துக்கு உட்பட்டது. இனிப் பட்டம் பெறுவோருக்குப் பேராயர்களே பட்டமளிப்பர். ஏற்கெனவே போதகராக இருப்பவர்கள் மறுபட்டம் பெற வேண்டியதில்லை. மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ எந்தச் சபையின்மீதும் திணிப்பதில்லை என்றும் உறுதியளிக்கப்பட்டது. பிறர்மேல் வைக்கும் அன்பும் நம்பிக்கையும் இங்கே சட்டவிதியாகவே எழுதப்பட்டன.

சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு விழா நடந்தது. 1945-இல் மறைந்த அசரியா அதைக் காணவில்லை. யாழ்ப்பாணத்துச் சபையும் இந்த இணைப்பில் ஒரு திருமண்டலமாக இடம்பெற்றது. ஆனால் நந்தியாலில் ஆங்கிலிக்கர் பலர் சேர மறுத்தனர். லுத்தரன் சபைகளும் தனித்தே நின்றன. 1948-இல் நடந்த ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு புதிய சபைக்கு முழு ஏற்பு அளிக்கவில்லை.

வழிபாட்டில் ஒருமைப்பாடு

1950-இல் வெளிவந்த திருவிருந்து ஆராதனை முறையில், குருவானவரிடமிருந்து தொடங்கிச் சமாதானத்தைக் கையோடு கை சேர்த்து ஒருவர் மற்றவருக்கு வழங்கும் பழக்கம் இடம்பெற்றது. கேரளத்துச் சிரியன் கிறித்தவரிடையே வழங்கிய பழைய மரபு இது. பின்னர் வேறு பல நாட்டுச் சபைகளும் இத்தகைய வழக்கத்தைக் கைக்கொண்டன.

முடியாத பணி

பக்கத்தில் இருப்பவர் யாராயினும் அவரிடம் கை நீட்ட வேண்டும் என்பதே இச்சடங்கின் பொருள். ஆனால் சபைகளுக்குள் சாதி வேற்றுமை மிகப் பழையது. அதைக் கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே ஆணையிட்டார். தஞ்சை, வேப்பேரி சபைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1947-இன் இணைப்பு வெளிநாட்டிலிருந்து வந்த பிரிவுகளை அகற்றியது; உள்ளூர்ப் பிரிவு அதற்குள் அடங்கவில்லை. இன்றும் திருமண உறவிலும் சபைத் தேர்தலிலும் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் சாதி தலைகாட்டுகிறது.

எல்லாரும் ஒன்றாக வேண்டும் என்ற இயேசுவின் வேண்டுதலிலிருந்து (யோவான் 17:21) இத்திருச்சபை தன் குறிக்கோளை எடுத்துக்கொண்டது. சபைகளின் இணைப்புக்கு 28 ஆண்டுப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. சபையாரின் இணைப்பு ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு தலைமுறையிலும் நடைபெற வேண்டிய பணியாகும்.