சுழலும் தட்டில் சேரும் மின்னூட்டம்

1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டது. 1944-இல் அது தில்லிக்குச் சென்ற பின்னரும், நாட்டின் வானிலைப் பதிவுகளைப் பேணும் தேசியத் தரவு மையம் புனேயிலேயே இயங்கி வருகிறது. அதே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகத்தில் 2024 செப்டம்பரில் ‘அர்கா’ என்னும் மீத்திறன் கணிப்பொறி செயற்படத் தொடங்கியது. அதன் சேமிப்புத் திறன் 33 பெட்டாபைட். அதாவது 3 கோடியே 30 லட்சம் ஜிகாபைட். பெய்து முடிந்த மழையை மீண்டும் அளக்க இயலாது. எனவே பதிவுகளைத் தாங்கும் கருவிகளின் குறைபாடுகளை அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

பெருமளவுத் தரவுகளைச் சேமிக்க இன்றும் உலகெங்கும் பயன்படுவன காந்தத் தட்டு இயக்கிகளாகும். இவற்றின் மோட்டாரில் எழும் நிலைமின்னூட்டம் நெடுங்காலமாகப் பொறியாளர்களின் கவனத்திற்குரியதாக இருந்து வந்துள்ளது.

மின்னூட்டம் தோன்றும் விதம்

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு காற்றோடு உராய்கிறது. தாங்கியினுள் மசகெண்ணெயும் உராய்கிறது. இவற்றால் தட்டில் மின்னூட்டம் சேர்கிறது. எஃகுக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் அதன் ஒரு பகுதியேனும் உலோகத்தின் வழியே வெளியேறும். சிலிக்கன் நைட்ரைடு என்னும் பீங்கான் குண்டுகள் எஃகைவிட இலேசானவை, கடினமானவை, குறைவாகவே தேய்பவை. ஆயினும் அவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆகவே மின்னூட்டம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது.

தொழிற்சாலைகளின் பெரிய மோட்டார்களில் இதே பண்பு நன்மை பயக்கிறது. அங்கு பேரிங் வழியே மின்னோட்டம் பாய்ந்து எஃகுப் பரப்பில் குழிகள் விழுவதைப் பீங்கான் தடுக்கிறது. ஓரிடத்தில் காப்பாக அமைவது மற்றோரிடத்தில் இடராகிறது.

விளைவும் தீர்வும்

தகவலைப் படிக்கும் தலை, தட்டிற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. இவ்விரண்டிற்குமிடையே சில வோல்ட் வேறுபாடு ஏற்பட்டாலும் அதன் நுண்ணிய உணரி பழுதடையக்கூடும். மனித உடல் நிலைமின் அதிர்ச்சியை உணர்வதற்கோ ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. சேதம் கண்ணுக்கும் கைக்கும் புலப்படாமலே நிகழ்வதன் காரணம் இதுவே.

சுழலும் தண்டைத் தொட்டிருக்கும் கார்பன் பொத்தான், மின்கடத்தும் காந்தத் திரவ அடைப்பு, மின்கடத்தும் பொருள் கலந்த மசகெண்ணெய் ஆகியவை தீர்வுகளாகக் கையாளப்பட்டன. 2000-க்குப் பின்னர் குண்டு பேரிங்குகளின் இடத்தைத் திரவத் தாங்கிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அவற்றிலும் எண்ணெய்ப் படலம் தண்டைப் பிரித்தே வைப்பதால், கடத்தும் பொருளின் தேவை நீங்கவில்லை.

அறையின் ஈரப்பதத்தைப் பேணுவது, இயக்கிகளைக் கையாளும்போது உண்டாகும் மின்னூட்டத்தைக் குறைக்கும். இயக்கியினுள் தோன்றுவதற்கோ அதன் அமைப்பிலேயே வடிகால் இருத்தல் வேண்டும். அவ்வடிகால் பயனளிக்க, இயக்கி பொருத்தப்பட்ட சட்டமும் முறையாகத் தரையிணைப்புப் பெற்றிருக்க வேண்டும்.

கருவியின் விலை கொள்முதல் கோப்பில் இடம்பெறுகிறது. இழந்த பதிவின் விலை எக்கோப்பிலும் இடம்பெறுவதில்லை. தரையிணைப்பை ஆண்டுதோறும் சோதிப்பதற்கும், மற்றோர் ஊரில் மறுபடி ஒன்றை வைப்பதற்கும் ஆகும் செலவை இக்கண்ணோட்டத்திலேயே மதிப்பிடுதல் பொருத்தமாகும்.